பேயை நம்பும் முதலாளி

கல்லூரி ஆண்டு மலரில் பேய்ப் படம் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சிலப்பதிகாரம் இருக்கிறது, சர் சி.வி. இராமன் இருக்கிறார், சுற்றுச்சூழல் இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பேயைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன்? நியாயமான கேள்விதான். ஆனால் உணவு இடைவேளையில் மரத்தடியில் நாம் எதைப் பேசுகிறோம் என்று யாராவது ஒரு வாரம் கணக்கெடுத்தால், சிலப்பதிகாரம் எத்தனையாவது இடத்தில் வரும் என்பது நமக்கே தெரியும். நாம் பேசுவதைப் பற்றி நாமே எழுதுவதில் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட படம் ‘பீட்சா’. அது 2012 அக்டோபர் 19ஆம் நாள் வெளிவந்தபோது நம்மில் பலர் தொடக்கப் பள்ளியில் இருந்தோம். கொட்டகையில் பார்த்தவர்கள் மிகச் சிலர். பின்னாளில் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்தவர்களே ஏராளம். அப்படியிருந்தும் எங்கள் வகுப்பில் அதைப் பார்க்காதவர் இருவரோ மூவரோதான். பார்த்தவர்களும் ஒருமுறையோடு நிறுத்தவில்லை. அதற்குப் பின் எத்தனையோ பேய்ப் படங்கள் வந்தன. பெரிய நடிகர்கள், கணினி வரைகலை, நான்கு பாட்டு, நகைச்சுவைப் பட்டாளம் எல்லாம் இருந்தன. அவற்றில் பலவற்றின் பெயர்கூட இன்று நினைவில்லை. இது மட்டும் ஏன் நிற்கிறது?

“கடைசித் திருப்பம்தான் காரணம்” என்பது எல்லோரும் சொல்லும் விடை. எனக்கு அது போதவில்லை. திருப்பம் என்பது ஒருமுறைதான் திரும்பும். விடை தெரிந்த விடுகதையை யாராவது மறுபடி கேட்டு மகிழ்வார்களா? ‘பீட்சா’வை இரண்டாம் முறை பார்க்கும்போது எல்லாம் தெரிந்துதான் பார்க்கிறோம், ஆனாலும் அந்த வீட்டுக்குள் அவன் மாட்டிக்கொண்டதும் கால் விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

முதலில் படம் உருவான விதம். இயக்குநர் கார்த்திக் சுப்பராஜ் மதுரைக்காரர். பொறியியல் படித்துக் கணினித் துறையில் வேலை பார்த்தவர். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவர். அவர் முதலில் எடுக்க நினைத்தது ‘ஜிகர்தண்டா’. அதற்குப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. ஆகவே குறைந்த செலவில் முடிக்கக்கூடியதாக வேறொரு கதை எழுதினார். (‘ஜிகர்தண்டா’ 2014இல்தான் வெளிவந்தது.) தயாரித்தவர் சி.வி. குமார், அதே 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யைத் தயாரித்தவரும் அவர்தான். இரண்டுக்கும் இசை சந்தோஷ் நாராயணன். ஒளிப்பதிவு கோபி அமர்நாத். நாயகன் விஜய் சேதுபதி அன்று ‘தென்மேற்குப் பருவக்காற்று’ பார்த்த சிலருக்கு மட்டும் தெரிந்த முகம். ஆக, பெரிய பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரு கடை, ஒரு வாடகை அறை, ஒரு வீடு, ஒரு டார்ச் விளக்கு. கையில் இருந்தது அவ்வளவுதான்.

கதையை இங்கே முழுவதும் சொல்லித்தான் ஆகவேண்டும். பார்க்காத அந்த இரண்டு மூன்று பேர் இத்துடன் நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்தபின் மேலே படிக்கலாம்.

மைக்கேல் சென்னையில் ஒரு பீட்சா கடையில் வேலை பார்ப்பவன். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. அவனோடு வாழும் அனு பேய்க் கதைகளில் ஊறியவள். அவனுக்கோ பேயில் நம்பிக்கை இல்லை. கடை முதலாளி சண்முகத்தின் வீட்டில் மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது. அந்தப் பேயின் பெயர் நித்யா. ஒருநாள் மைக்கேல் இரத்தக் கறையோடு கடைக்குத் திரும்பி வருகிறான். ஒரு பங்களாவுக்குப் பீட்சா கொண்டுபோனதையும், பணம் எடுத்துவர மாடிக்குப் போன பெண் செத்துக் கிடந்ததையும், கதவு பூட்டிக்கொண்டதையும், விளக்கில்லாத வீட்டில் டார்ச்சோடு இரவெல்லாம் சிக்கிக் கிடந்ததையும் சொல்கிறான். அனுவையும் காணோம் என்கிறான். நாமும் அதையெல்லாம் கண்ணால் பார்க்கிறோம். பிறகுதான் தெரிகிறது, அப்படி ஒரு வீடும் இல்லை, அப்படி ஓர் இரவும் இல்லை என்று. முதலாளி தன் வீட்டில் கொடுக்கச் சொல்லி அவனிடம் தந்த பொட்டலத்தில் வைரங்கள் மறைந்திருந்தன. வழியில் நேர்ந்த விபத்தில் அது அவன் கண்ணில் பட்டுவிட்டது. வைரம் அனுவிடம் இருக்கிறது. பேய்க் கதை அவள் கட்டியது, அவன் நடித்தது.

படத்தின் நடுப்பகுதி முழுவதும் ஒரு டார்ச் விளக்கின் வெளிச்சத்திலேயே நடக்கிறது. இயற்பியல் மாணவி என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று நின்று பேசாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஒளி மூலத்திலிருந்து விலக விலக, ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறைகிறது என்று பள்ளியிலேயே படித்தோம். டார்ச்சில் குழியாடி இருப்பதால் கணக்கு அச்சுப்பிசகாமல் அப்படியே பொருந்தாது. எனினும் போக்கு அதுதான். ஓர் அடியில் இருக்கும் கதவுப் பிடி பளிச்சென்று தெரியும். நான்கு அடியில் இருக்கும் நாற்காலி மங்கும். மாடிப்படியின் மேல்முனை இல்லாமலே போகும். இது பாதிதான். மீதிப் பாதி நம் கண்ணில் இருக்கிறது. இருட்டில் பார்க்க உதவும் கோல் செல்கள் முழுமையாகப் பழகிக்கொள்ள இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தால், அந்த வட்டத்தின் வெளிச்சம் கண்ணை இருட்டுக்குப் பழக விடாது. எனவே விளக்கே இல்லாமல் உட்கார்ந்திருப்பவனைவிட டார்ச் வைத்திருப்பவனுக்குச் சுற்றிலும் இருட்டு அதிகம். கிராமத்தில் ஏரிக்கரை வழியே இரவில் நடந்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் பெரியவர்கள் டார்ச்சை அணைத்துவிட்டுச் சற்று நில் என்பார்கள். மைக்கேலின் டார்ச் நமக்கு எதையும் காட்டுவதற்கு இல்லை. அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பதை மறைப்பதற்கு இருக்கிறது. ஐந்து இலட்சம் ரூபாய் விளக்கு வைத்து இதைச் செய்ய முடியாது.

ஒலியும் அப்படியே. 7.1 ஒலித்தட முறையில் வந்த தொடக்கத் தமிழ்ப் படங்களில் இதுவும் ஒன்று என்பார்கள். நான் பார்த்தது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில். அதில் ஏழும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் மாடியில் ஏதோ நகரும் ஓசை கேட்டதும் எங்கள் ஆயா ஓட்டைப் பார்த்தார்.

அமெரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2007இல் ஆரன் பெலி என்பவர் சான் டியேகோவில் தம் சொந்த வீட்டிலேயே, சுமார் 15,000 டாலர் செலவில், ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற படத்தை எடுத்தார். அதில் பெரும்பாலும் ஒரு படுக்கையறையும் திறந்த கதவும்தான். உலகமெங்கும் அது ஓடிக் குவித்தது. பேய்ப் படத்துக்குப் பணம் இல்லாமை ஒரு குறை இல்லை போலும். இருப்பதைக் காட்டச் செலவாகும், இல்லாததைக் காட்டச் செலவில்லை.

ஆனால் டார்ச் விளக்கும் ஓசையும் முதல்முறைப் பயத்துக்குத்தான் விளக்கம். இரண்டாம் முறையும் ஏன் பயப்படுகிறோம்? அது பொய் என்று தெரிந்தபின்னும்?

என் எண்ணம் இதுதான்: அந்தப் பொய், மெய்யான சரக்குகளால் செய்யப்பட்டது. முன்பின் தெரியாத வீட்டின் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. “உள்ளே வந்து உட்கார், பணம் எடுத்து வருகிறேன்” என்றால் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் அவன் எங்கே இருக்கிறான் என்பது கடைக்குத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்காரருக்கு ஏதாவது நேர்ந்தால் முதல் சந்தேகம் அவன் மேல்தான் விழும். கைப்பேசியில் சார்ஜ் இருக்க வேண்டும், வண்டியில் பெட்ரோல் இருக்க வேண்டும், சாமான் ஆறிப்போகக் கூடாது. இதில் பேயைக் கழித்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் இருப்பது அன்றாடம். இன்று நம் சாலைகளில் முதுகில் சதுரப் பையோடு போகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த வாழ்க்கை. அவர்களில் நம் கல்லூரிக்காரர்களும் உண்டு.

இதற்கு முந்திய தமிழ்ப் பேய்ப் படங்களை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) ஜமீன் மாளிகையில் நடந்தது. செங்கற்பட்டில் நாடகம் போட்டு வளர்ந்தவர் எடுத்த படம் என்ற முறையில் நம் பக்கத்துக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) வசதியான குடும்பத்துக் கதை. ‘13ஆம் நம்பர் வீடு’ (1990) பெயரிலேயே வீட்டை வைத்துக்கொண்டது. எல்லாம் நல்ல படங்கள்தாம். ஆனால் அவற்றில் பேய் வருவது சொத்துள்ளவர்களிடம். கூலிக்குக் கதவு தட்டுகிறவனின் பயத்தை ‘பீட்சா’தான் நடுவில் கொண்டுவந்து வைத்தது.

இனி முதலாளிக்கு வருகிறேன். வைரத்தை எடுத்துக்கொண்டு மைக்கேல் ஓடியிருக்கலாம், ஓடினால் திருடன். “விபத்து நடந்தது, பொட்டலம் தொலைந்துவிட்டது” என்று சொல்லியிருக்கலாம், அப்போதும் திருடன். அந்த விபத்து மெய்யாகவே நடந்தது என்பதைக் கவனியுங்கள். நடந்த ஒன்றைச் சொன்னால் நம்பமாட்டார். நடக்காத பேயைச் சொன்னால் நம்புகிறார். ஏனென்றால் பேய் அவர் வீட்டிலும் இருக்கிறது. அவருடைய மகளின் வாயிலிருந்து வந்த பெயரையே எடுத்துத் தன் கதைக்குள் வைக்கிறான் மைக்கேல். வேலைக்காரனின் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில், முதலாளியின் சொந்தப் பயத்தைக் கடன் வாங்கித்தான் பேச வேண்டியிருக்கிறது. படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இது புதிய சரக்கு என்று எண்ண வேண்டாம். நம் ஊர்ப் பக்கத்திலேயே, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், நீலி கதை வழங்குகிறது. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, அவனை அடுத்த பிறவியிலும் தொடர்ந்து வருகிறாள். அவன் பழையனூர் வேளாளர் அவையில் அடைக்கலம் புகுகிறான். அவளோ கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுவிட்டார்” என்று அழுகிறாள். குழந்தை அவனை அப்பா என்கிறது. அவையோர் எழுபது பேரும் அவளை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்களித்து, அவனை அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

அந்த எழுபது பேரின் வாக்குத் தவறாமையைப் போற்றித்தான் நமக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தார்கள். நீலிக்குக் கிடைத்தது ‘நீலிக் கண்ணீர்’ என்ற சொல்வழக்கு. பொய்யழுகை அழுகிறவளை இன்றும் அப்படித்தான் திட்டுகிறோம். எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. அவள் கொலையுண்டது பொய்யா? “இவன் என்னைக் கொன்றான்” என்று அதே அவையில் உண்மையைச் சொல்லியிருந்தால் எழுபது பேரில் ஒருவராவது கேட்டிருப்பாரா? கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் அவர்கள் நம்பக்கூடிய கதையாக ஒன்றைக் கொண்டுபோனாள். கைக்குழந்தையோடு கணவனைத் தேடி வந்த மனைவி என்றால் அவைக்குப் புரியும். மொழி அவள் பொய்யை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அவள் சாவை மறந்துவிட்டது. மைக்கேலும் அனுவும் நீலியின் வழிவந்தவர்கள் என்று நான் சொன்னால் தமிழ்த் துறையினர் கோபிக்கக் கூடாது.

இது படத்திலும் புராணத்திலும் மட்டும் நடப்பதில்லை. எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்கு முன்னால் வருவது. ஆயாவின் காலத்தில் அந்தச் சாலையோரப் புளிய மரங்களில்தான் பேய்கள் இருந்தன. சாலையை அகலமாக்கியபோது மரங்கள் போயின. “அதுங்க எங்க போவும், பாவம்? கம்பெனிக்குத்தான் போயிருக்கும்” என்பார் ஆயா. விளையாட்டாகச் சொன்னாரா வினையாகச் சொன்னாரா தெரியாது. ஆனால் பேய்கள் அங்கேதான் போயிருக்கின்றன.

என் அக்கா பிளஸ் டூவோடு நின்று, ஒரு தொழிற்சாலையில் கைப்பேசிப் பாகங்கள் கோக்கும் வேலைக்குப் போனவள். (நான் இந்த மலரில் எழுதிக்கொண்டிருப்பதற்கு அவள் சம்பளமும் ஒரு காரணம்.) அவளுடைய லைனில் இரவு ஷிஃப்டில் ஒரு பெண் கழிப்பறையில் மயங்கி விழுந்தாள். எழுந்ததும், கண்ணாடியில் தன் பின்னால் யாரோ நின்றதாகச் சொன்னாள். அடுத்த வாரம் இன்னொருத்தி. அதற்கு முன்பெல்லாம் கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், தனியாகத்தான் போக வேண்டும், நேரம் குறிப்பார்கள். அந்த இரண்டு சம்பவத்துக்குப் பிறகு, இரவில் இரண்டு பேராகப் போகலாம் என்று ஆயிற்று. யாரும் நேரம் குறிக்கவில்லை. அக்காவிடம் நான் கேட்டேன், அங்கே மெய்யாகவே ஏதாவது இருக்கிறதா என்று. “இருக்கோ இல்லியோ, ரெண்டு பேரா போறோமில்ல?” என்றாள்.

‘பீட்சா’வை நாங்கள் மூவரும் ஒன்றாகப் பார்த்தபோது சண்முகம் மைக்கேலின் கதையை நம்பும் இடத்தில் அக்கா ஒருத்திதான் சிரித்தாள். நானும் ஆயாவும் பயந்துகொண்டிருந்தோம்.

பின்னர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் படித்தபோது இது சேரப்பணஞ்சேரிக்கு மட்டும் உரியதில்லை என்று தெரிந்தது. மலேசியாவில் பிறந்த மானிடவியல் அறிஞர் ஐவா ஓங் 1987இல் வெளியிட்ட நூல், மலாய் கிராமங்களிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போன இளம்பெண்களைப் பற்றியது. 1978இல் சுங்கை வேயில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஆலையில், நுண்ணோக்கி வழியே நாளெல்லாம் பார்த்து வேலை செய்யும் பிரிவில் சுமார் 120 பெண்கள் பேய் பிடித்துக் கூச்சலிட்டார்கள். ஆலை மூன்று நாள் மூடிக் கிடந்தது. மந்திரவாதியை அழைத்து வளாகத்திலேயே ஆடு வெட்டினார்கள். அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் என்று சொல்லி ஓர் இயந்திரத்தை நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பேய் என்றதும் நிறுவனம் ஆட்டுக்கு விலை கொடுத்தது. பெண்கள் திட்டமிட்டு நடித்தார்கள் என்று ஓங் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வாய் திறந்து கேட்க முடியாதது உடம்பின் வழியே வெளிவந்தது என்பதே அவர் கருத்து.

நம் துறைக்காரர்களுக்காக இன்னொன்று. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, அங்கே ஆவி உலவுவதாகப் பேச்சு. அவருக்கே ஒரு நாள் இரவு ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தென்பட்டது. மறுநாள் பிடிப்புக் கருவியில் மாட்டியிருந்த வாள் தானாக அதிர்வதைக் கண்டு தேடியபோது, புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறி சுமார் 19 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலையை உண்டாக்கியிருந்தது தெரிந்தது. நம் செவி கேட்கத் தொடங்கும் எல்லையான 20 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. 1998இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். எல்லா ஆராய்ச்சியாளரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் இரவு ஷிஃப்டில் ஓயாத விசிறிகளின் கீழே நிற்கும் ஒருத்திக்கு ஏதோ தெரிந்தால், அவளை ‘ஊர்நாட்டுப் பெண், மூடநம்பிக்கை’ என்று ஒதுக்குமுன் விசிறியையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

“இதெல்லாம் மூடநம்பிக்கைக்கு உரம் போடுவதாகாதா?” என்று பகுத்தறிவு மன்றத்து நண்பர்கள் கேட்கலாம். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. இலங்கையில் வாழ்ந்து 1978இல் மறைந்த டாக்டர் கோவூர், பேய் வீடுகளைத் தேடிப் போய் ஆராய்ந்தவர். ஆவியை மெய்ப்பித்துக் காட்டுபவருக்கு இலட்ச ரூபாய் என்று அறைகூவல் விட்டவர். கல் விழும் வீட்டுக்கு அவர் போனால் கல்லை விட்டுவிட்டு ஆளைத் தேடுவார். அந்த வீட்டில் மனம் நொந்து கிடப்பவர் யார் என்று பார்ப்பார். பேய் இல்லை என்று சொல்வதோடு அவர் வேலை முடியவில்லை. நம்மில் பலருக்கு அதோடு முடிந்துவிடுகிறது. ‘பீட்சா’ கோவூரின் பக்கம் நிற்கும் படம் என்றே நான் சொல்வேன், கடைசி ஐந்து நிமிடத்தைத் தவிர.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. வைரம் கைமாறிவிட்டது, முதலாளி நம்பிவிட்டார், மைக்கேல் கடைசியாக ஒரு வீட்டுக்குப் பீட்சா கொண்டுபோகிறான். அந்த வீடு, அவன் கட்டிச் சொன்ன கதையில் இருந்த வீட்டைப் போலவே ஆகிறது. கதவு சாத்திக்கொள்கிறது. இந்த முறை பொய் இல்லை. கொட்டகையில் இந்த இடத்தில் கைதட்டல் எழுந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பொய் சொன்னவனுக்குச் சரியான பாடம் என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வைரத்தை மறைத்து அனுப்பியவர் சண்முகம். விவரம் சொல்லாமல், இனிப்புப் பொட்டலம்போல அதை ஒரு வேலையாளின் கையில் கொடுத்தவர் அவர். வழியில் யாராவது பிடித்திருந்தால் கம்பி எண்ணியிருப்பவன் மைக்கேல். மெய்யான பேய் ஒன்று வருவதாக இருந்தால் எந்த வீட்டுக் கதவை முதலில் சாத்தியிருக்க வேண்டும்?

1968இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோ மிகக் குறைந்த செலவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஒரு பண்ணை வீட்டில் இரவு முழுவதும் நடைபிணங்களோடு போராடிப் பிழைக்கும் ஒரே ஆள், டுவான் ஜோன்ஸ் நடித்த கறுப்பின இளைஞன். விடிந்ததும் காப்பாற்ற வந்த துப்பாக்கிக் கூட்டம் அவனையும் ஒரு பிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. தலைப்பை மாற்றும்போது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால் அந்தப் படம் அங்கே யாரும் காட்டலாம் என்று பொதுச்சொத்தாகி, ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாக ஓடியது. அங்கும் முடிவில் மாட்டுபவன் கீழே இருப்பவன்தான். ஆனால் அவனைக் கொல்வது மனிதர்கள். யார் செய்தார்கள் என்பதைப் படம் மறைக்கவில்லை. ‘பீட்சா’ அந்த இடத்தில் பேயை முன்னால் நிறுத்திவிட்டு முதலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. முடிவு நேர்த்தியாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது, மறுக்கவில்லை. நியாயமாக இல்லை.

பெயர் மட்டும் பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2013இல் ‘பீட்சா 2: வில்லா’ வந்தது, அதன் நாயகன் தந்தை விட்டுச்சென்ற மாளிகைக்கு வாரிசாகும் எழுத்தாளன். 2023இல் ‘பீட்சா 3: தி மம்மி’ வந்தது, அதில் நாயகன் உணவகம் நடத்துபவன். கூலிக்குக் கதவு தட்டியவன் முதல் படத்தோடு போய்விட்டான். மற்ற இரண்டையும் நான் ஒருமுறைதான் பார்த்தேன்.